அடுத்த வசனத்தையும் சொல்லிக்கொடுங்கள்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். என் கணவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மகளுக்கு ஒன்பது வயது. எங்களோடு இருந்த என் மாமனார் ஏழு மாதங்கள் டயாலிசிஸ் சிகிச்சை பெற்று, ஆகஸ்டு மாதம் காலமானார். அவர் படுத்திருந்தபோது வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு சகோதரி, 'பிள்ளைகள் ஜெபத்தை ஆண்டவர் தள்ளமாட்டார், விசுவாசத்தோடு கேள்' என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறார். 'விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்' என்ற வசனத்தை அவள் தினமும் இரவில் பத்து முறை ஒரு நோட்டில் எழுதிவந்ததை, அடக்கம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். இப்போது ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து விசுவாசத்தை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவள் வாயைத் திறப்பதில்லை. கேட்டால், 'நான் சரியா விசுவாசிக்கலம்மா, அதான் தாத்தா செத்துட்டாரு. இப்ப சொன்னா பொய்தானே' என்கிறாள். பிசாசு பிள்ளையைச் சோதிக்கிறது என்று மாமியார் அழுகிறார். பெரியவளானால் தானே புரிந்துகொள்வாள், விட்டுவிடு என்கிறார் கணவர். அவளைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைக்கலாமா? விசுவாசம் என்றால் என்னவென்று இந்த வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும். நான் கேட்டது கூடவில்லை. ஆகவே நான் விசுவாசித்தது போதவில்லை. பெரியவர்கள் கையில் கொடுத்த ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை இதைவிடச் சரியாகக் கணக்குப் போட முடியாது. விசுவாசம் என்றால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், இந்தக் கணக்கின் விடையாக அவள் சுமந்துகொண்டிருக்கும் குற்றவுணர்வை இறக்கிவைக்க வேண்டும். அது இறங்காதவரை, நீங்கள் எவ்வளவு அன்பாக விளக்கினாலும் அது அவள் காதில் இன்னொரு கண்டிப்பாகவே விழும்.

பிள்ளைகளும் பெரியவர்களும் வயதுக்கு வயது கடவுளை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை, பலரிடம் நேரில் உட்கார்ந்து பேசி ஆராய்ந்தவர் அமெரிக்க இறையியலாளரான ஜேம்ஸ் ஃபவுலர். ஏறக்குறைய ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, பிள்ளைகள் வேதக் கதைகளைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், நல்லது செய்தால் பரிசு, கெட்டது செய்தால் தண்டனை என்ற கொடுக்கல் வாங்கல் நியாயத்தையே கடவுளுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். இதை நான் ஆய்விலிருந்து கற்றுக்கொள்வதற்கு முன்பே ஒரு சிறுவனிடமிருந்து கற்றுக்கொண்டேன். குழந்தைகள் ஆலோசகராவதற்கு முந்தைய காலத்தில், பெரம்பூரில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுத்துவந்த நான், மனப்பாட வசனம் ஒப்பித்தவர்களின் பெயருக்கு எதிரே நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். தம்பிக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு பையன் ஒருநாள் அந்த அட்டையின் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிவிட்டு, 'எனக்குப் பதினொரு ஸ்டார் இருக்கு மிஸ், தம்பிக்குப் போதுமா?' என்று கேட்டான். அன்றைக்கே அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் மகளின் நோட்டும் அந்த அட்டை போன்றதுதான், அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகவே, முதலில் தாத்தா ஏன் இறந்தார் என்பதை உடலின் மொழியில் சொல்லுங்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யாமல் போயின; அந்த வேலையைத்தான் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அந்த இயந்திரம் செய்துகொண்டிருந்தது; நாளாக ஆக அவருடைய உடலால் தாங்க முடியவில்லை. இவ்வளவும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும். அதன் பிறகு, மழுப்பாமல் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'நீ ஜெபித்தது குறைவாக இருந்ததால் தாத்தா சாகவில்லை.' இதை ஒருமுறை சொன்னால் போதாது. எதிரே உட்காரவைத்துச் சொல்வதைவிட, காலையில் தலை பின்னும்போதோ, பள்ளிக்கு நடந்து போகும்போதோ, முகத்துக்கு நேரே பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரங்களில் சொல்வது நல்லது. 'கர்த்தர் எடுத்துக்கொண்டார்', 'தாத்தா தூங்குகிறார்' என்ற வழக்குகளைச் சில காலத்துக்கு அவள் முன்னால் தவிர்த்துவிடுங்கள். பெரியவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் இந்தச் சொற்களைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் பிள்ளை, அடுத்து அப்பாவையும் எடுத்துக்கொள்வாரோ என்று இரவில் விழித்துக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். 'விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்' என்பது மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தின் இருபத்துமூன்றாம் வசனம். காலண்டரிலும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும், வீட்டு வாசற்படிக்கு மேலும் நாம் பார்ப்பது அதோடு நின்றுவிடுகிறது. அடுத்த வசனத்தை யாரும் எழுதி மாட்டுவதில்லை. சிறுவயதுமுதல் நோயால் துன்பப்பட்டு, தீயிலும் தண்ணீரிலும் விழுந்துகொண்டிருந்த ஒரு பையனின் தகப்பனிடம் இயேசு அந்த வார்த்தையைச் சொல்கிறார். உடனே அந்தத் தகப்பன் கண்ணீரோடே சத்தமிட்டுச் சொல்கிறான்: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில், ஒரே வாயிலிருந்து வருகின்றன. 'இது போதாது, முழுதாக விசுவாசித்துவிட்டு வா' என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை; அவன் மகன் குணமாகிறான். உங்கள் மகளுக்கு யாரோ இருபத்துமூன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நோட்டைக் கிழிக்கவும் வேண்டாம், ஒளித்துவைக்கவும் வேண்டாம். அவளோடு உட்கார்ந்து, கடைசியாக எழுதியிருக்கும் வரிக்குக் கீழே இருபத்துநான்காம் வசனத்தை ஒரே ஒரு முறை உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொடுங்கள்.

இதே நிகழ்ச்சியை மத்தேயு சொல்லும்போது, அந்தப் பையனைப் பிடித்திருந்த பிசாசைத் துரத்த முடியாமல் போன சீஷர்களை அவர்களுடைய அவிசுவாசத்தின் நிமித்தம் இயேசு கடிந்துகொள்கிறார், 'கடுகுவிதையளவு விசுவாசம்' என்ற பேச்சும் அங்கேதான் வருகிறது என்று வேதம் நன்றாகத் தெரிந்த யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்தக் கடிந்துரை யாருக்கு என்று பாருங்கள்: ஊழியம் செய்யப் புறப்பட்ட வளர்ந்த மனிதர்களுக்கு. நோயுற்ற பையனிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. இன்னும் ஒருபடி போய்ச் சொல்கிறேன்: யவீருவின் பன்னிரண்டு வயது மகள், கானானியப் பெண்ணின் மகள், கப்பர்நகூமிலிருந்த ராஜாவின் மனுஷனுடைய மகன் என்று சுவிசேஷங்களில் குணமான பிள்ளைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். அவர்களில் ஒரு பிள்ளையிடமாவது 'நீ விசுவாசிக்கிறாயா' என்று இயேசு கேட்டதாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. விசுவாசத்தைப் பற்றித் தகப்பன் தாய்மாரிடம்தான் பேசினார். ஒரு முதியவரின் உயிரை ஒரு சிறுமியின் விசுவாசத்தின்மேல் தூக்கிவைத்தது, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், சுவிசேஷம் செய்யாத ஒரு காரியம்.

விசுவாசத்தை எப்படி விளக்குவது என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அது வசதியும்கூட. உங்கள் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது' என்று இருக்கும். உங்கள் மாமியாரின் கையிலுள்ள, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கும். அம்மாவின் ஆலயத்தில் 'நம்பிக்கை' என்பது இனி வரப்போவதைக் காத்திருக்கும் இரண்டாவது சொல். ஆயாவின் கோயிலில் அதுவே முதலாவது சொல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் பண்டிகை நாளில் வேறொன்றுமாகக் கேட்டு வளரும் பிள்ளை குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிரேக்கத்தில் 'பிஸ்திஸ்' என்ற ஒரே சொல்லைத்தான் அம்மாவின் புத்தகம் விசுவாசம் என்றும் ஆயாவின் புத்தகம் நம்பிக்கை என்றும் சொல்கிறது என்று காட்டுங்கள். ஒளித்துவைத்த ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல் பிள்ளைகள் இதில் மகிழ்ந்துபோவார்கள்.

அதன்பின் தமிழ் இலக்கணமே உங்களுக்கு உதவிக்கு வரும். 'தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார் என்று நம்புகிறேன்' என்பது ஒரு வாக்கியம். 'தாத்தாவை நம்புகிறேன்' என்பது இன்னொரு வாக்கியம். 'என்று' வந்தால் அங்கே ஒரு செய்தி இருக்கிறது. 'ஐ' வந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். யாக்கோபு தம்முடைய நிருபத்தில், தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிப்பது நல்லதுதான், ஆனால் பிசாசுகளும் அப்படி விசுவாசித்து நடுங்குகின்றன என்று சற்றுக் குத்தலாகவே எழுதுகிறார். 'உண்டென்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் மகள் சொல்ல மறுக்கும் விசுவாசப் பிரமாணமோ 'பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்' என்றுதான் தொடங்குகிறது. நான் கேட்டது நடக்கும் என்று விசுவாசிக்கிறேன் என அது எங்கேயும் சொல்லவில்லை.

விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் நாற்காலி உதாரணம் ஒன்று சொல்வார்கள்: நாற்காலி தாங்கும் என்று சொல்வது மட்டும் விசுவாசம் ஆகாது, அதில் போய் உட்காருவதே விசுவாசம் என்று. எனக்கு அந்த உதாரணம் பிடிப்பதில்லை. குறிப்பாக, ஓர் இழப்பைக் கண்ட பிள்ளைக்கு அதைச் சொல்லவே கூடாது. உட்கார்ந்தேன், நாற்காலி உடைந்தது, தாத்தா போய்விட்டார் என்றே அவள் முடித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த ஓர் ஆளிடமிருந்து தொடங்குங்கள். நீங்கள் இருக்கும் பகுதியில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அவள் எத்தனையோ முறை கடந்திருப்பாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். அந்த உயரத்திலிருந்து அவளுக்குச் சக்கரத்தைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. எப்போது போகலாம், எப்போது நிற்கவேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. சில நேரம் பயத்தில் கையை இறுக்கியிருப்பாள், சில நேரம் கவனமில்லாமல் விட்டிருப்பாள். அவள் விட்டபோதும் அவர் விடவில்லை. 'அப்போ உனக்குப் பயமா இருந்துச்சா?' என்று கேளுங்கள். 'ஆமாம்' என்பாள். 'பயந்தாலும் தாத்தா கையை விடலையே' என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கடவுளும் இப்படித்தான் என்று உடனே பாடமாக்க வேண்டாம். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து அவளே அந்த இடத்துக்கு வருவாள், வராவிட்டாலும் நட்டமில்லை.

கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். பொய் சொல்லக்கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளையை, எல்லோரும் பார்க்கிறார்களே என்பதற்காகப் பேசவைத்தால், ஆலயத்தில் பொய் சொல்லலாம் என்பதே அவள் கற்கும் முதல் பாடமாகிவிடும். அதற்காக அந்த நேரத்தில் அவளை வெளியே அனுப்பவும் வேண்டாம், ஆலயத்துக்கு வரவேண்டாம் என்றும் சொல்லவேண்டாம். நம் சென்னைக்கு வந்து, பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று மரபு சொல்லும் சீஷர் தோமாவின் கதையை நாம் வழக்கமாக அவர் இயேசுவின் காயத்தைத் தொடக் கேட்ட இடத்தை வைத்துத்தான் சொல்கிறோம். அதற்கு அடுத்த ஒரு வரி யோவான் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது: எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தபோது தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான். இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒருவன், நம்பிவிட்ட பத்துப் பேரோடு ஒரு வாரம் அதே வட்டத்தில் இருந்திருக்கிறான். அவர்கள் அவனை விலக்கவில்லை, அவனும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. உங்கள் மகள் வாய் திறக்காமல் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். 325-ஆம் ஆண்டு நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் தங்கள் விசுவாச அறிக்கையை 'விசுவாசிக்கிறோம்' என்று பன்மையில்தான் தொடங்கினார்கள் என்பதை அவளுக்குச் சொல்லலாம்: 'உன்னால் சொல்ல முடியாத வாரத்தில் நாங்கள் சொல்கிறோம், நீ நின்றால் போதும்.'

ஜெபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவள் அதையும் நிறுத்தியிருப்பாள் என்றே நினைக்கிறேன். மீண்டும் தொடங்கும்போது, நன்றி சொல்லித் தொடங்கு என்று வற்புறுத்தாதீர்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது. கோபமும் ஜெபமாகலாம் என்பது அவளுக்குப் புதிய செய்தியாக இருக்கும். சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனேயில் இயேசு இந்தப் பாத்திரம், அதாவது தமக்கு வரவிருந்த பாடு, நீங்கட்டும் என்று கேட்டார், அது நீங்கவில்லை என்பதையும் ஒருநாள் சொல்லுங்கள். கேட்டது கிடைக்காததற்கு அவருடைய விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?

உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். வாழ்நாள் துணையை இழந்த அந்த அம்மாவுக்கும் இது துக்க காலம். 'பிசாசு' என்ற சொல்லுக்குள் பேத்தியும் கையைவிட்டுப் போய்விடுவாளோ என்ற அச்சம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழக்கூடாது; இதை மருமகளான நீங்கள் சொல்வதைவிட மகனான உங்கள் கணவர் தனியே அழைத்துச் சொல்வது நல்லது. முடிந்தால் ஆயாவையே பேத்தியிடம், 'நானும் மாதாகிட்ட எவ்ளோ வேண்டிக்கினேன் கண்ணு, ஏன் நடக்கலன்னு எனக்கும் தெரியல' என்று சொல்லச் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை என்று ஒரு பெரியவர் வாயால் கேட்பது, பத்து விளக்கங்களைவிட அவளுக்கு ஆசுவாசம் தரும். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி: சில கேள்விகள், விசுவாசத்தைத் தானே அறிக்கையிட ஆயத்தமாகும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகும் வயதில்தான் உண்மையில் விளங்கத் தொடங்கும். மீதிப் பாதி தவறு, ஏனென்றால் குற்றவுணர்வு அதுவரை காத்திருக்காது. அந்தச் சகோதரியிடமும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையிடமும் குறைசொல்லும் தொனி இல்லாமல் நடந்ததைச் சொல்லிவையுங்கள். அடுத்த வீட்டில் இன்னொரு பிள்ளையிடம் அதே வாக்கியம் போகாமல் இருக்கட்டும்.

தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, தானும் தாத்தாவிடம் போகவேண்டும் என்று அவள் பேசினாலோ, தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வருகிறது. தாத்தாவை அடக்கம் செய்த இடம் காசிமேடு கல்லறைத் தோட்டமாக இருந்தால், அன்றைக்கு அங்கே கூட்டம் நெரியும். அதற்கு முந்தைய நாளிலேயே அவளையும் ஆயாவையும் அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். கல்லறையைக் கழுவத் தண்ணீர்க் குடத்தை அவள் கையில் கொடுங்கள். பூ வைப்பதும் மெழுகுவத்தி ஏற்றுவதும் அவள் வேலையாக இருக்கட்டும், ஜெபம் ஆயா செய்யட்டும். 'ஆமென்' என்று மட்டும் அவள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் திரும்பிப் பார்க்காதீர்கள்.